சொல்லாமல் வைத்த மூன்று மாதம்

அன்புள்ள மகனுக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலம் என்று எனக்குத் தெரியும்; கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் போன வாரம்தான் நாலு பக்கம் எழுதியிருந்தாய். உன் தங்கை செல்வியும் நலம். நான் மட்டும் கோபமாக இருக்கிறேன். மூன்று நாளாக இந்தக் கோபத்தோடுதான் கோலா சிலாங்கூர் பசாரில் உட்கார்ந்து கீரை விற்கிறேன். நேற்று ஓர் அம்மாள் விலையைக் குறைக்கச் சொன்னதற்கு, "வேணும்னா வாங்குங்க, வேணாம்னா போங்கலா" என்று கத்திவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் கூப்பிட்டு ஒரு கட்டு சும்மா கொடுத்தேன். ஊரில் இருப்பவர்கள் மேல் விழுவதை விட, கோபம் போக வேண்டிய இடத்துக்கே போகட்டும் என்று ஒரு புதுப் பயிற்சிப் புத்தகம் வாங்கி எழுத உட்கார்ந்தேன்.

திங்கள்கிழமை சாயங்காலம் உன் வருங்கால மாமனார் வந்திருந்தார். நம் ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் கிராணியாக ஆபீஸில் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்த அதே மனிதர்தான். அந்தக் காலத்தில் என்னை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். திங்கள்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "சம்பந்தியம்மா" என்றார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். செல்வி வழக்கம்போல ஓடி வந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் செய்வதுபோலவே அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவர் சட்டென்று பின்னால் சாய்ந்துகொண்டார். பாவம், அவள் அதைக்கூட விளையாட்டு என்று நினைத்துத் திரும்பவும் தொட்டாள். காப்பியை முழுக்கக் குடித்த பிறகுதான் அவர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா. மணவறைக்குச் செல்வி வேணாமே. கூட்டத்தப் பாத்தா புள்ள பயந்துரும். வீடியோ வேற எடுக்கிறோம், எல்லா ஊருக்கும் அனுப்பணும். நாத்தனார் முடிச்ச உங்க கொழுந்தன் மக போடட்டும்லா. அதுவும் தங்கச்சி முறைதானே."

நான் வாய் திறப்பதற்கு முன்பே, "தம்பிகிட்டயும் போன்ல கேட்டுட்டேன். சரின்னுட்டாப்ல" என்றார்.

நீ சரி என்றாயாமே. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும், பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் அவன் தங்கை மற்ற இரண்டு முடிச்சையும் போடுவது நம் வழக்கம். உனக்கு இருப்பது ஒரே தங்கை. அவளை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு வந்து முறுக்குத் தின்றுவிட்டுப் போகிற சித்தப்பன் மகள் முடிச்சுப் போடுவாள் என்பதற்கு நீ சரி என்றிருக்கிறாய். நான் அந்த மனிதரிடம் "யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்றேன். அவர் கிளம்பியபோது என் கால் தானாக எழுந்து நின்றது. தோட்டத்தில் பழகிய கால். அன்றைக்கு எனக்கு முதலில் கோபம் வந்தது அந்தக் காலின் மேல்தான், அப்புறம் அவர் மேல், அப்புறம் உன் மேல்.

வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். மகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை லண்டனுக்குப் புறப்படுகிறாராம், உனக்கு ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டுமென்றால் கொடுக்கலாமாம். கொடுக்கிறேன். ஒரு டின் முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், இந்தக் கடிதம். கடிதத்தை ஒட்டப்போவதில்லை. தோட்டத்தில் எல்லாருடைய கடிதமும் ஆபீஸ் வழியாகத்தான் வரும் என்பது உனக்கு நினைவிருக்கும். ஊரிலிருந்து என் அம்மா எழுதும் கடிதங்கள் எல்லாம் பிரித்துப் படித்த பிறகுதான் என் கைக்கு வந்தன. "ஒன் தங்கச்சிக்கு மாப்ள பாத்துட்டாங்களாமே" என்று அவர் சொல்லித்தான் என் வீட்டுச் சேதி எனக்கே தெரியும். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போயிருக்காது. விமானத்தில் பதிமூன்று மணி நேரமாமே. படிக்கட்டும். இதில் உனக்குச் சொல்வதெல்லாம் அவருக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ லீவில் வந்திருந்தபோது நடந்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரியாமலேயே நீ என்னைக் குத்திவிட்டுப் போனது அன்றைக்குத்தான். நான் அடுப்பில் மீன் குழம்பை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கங்கோங் கீரையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, "அங்க நான் என்ன படிக்கிறேன்னு யாராச்சும் கேட்டா என்னம்மா சொல்ற?" என்றாய். "எலி வளக்குறான்னு சொல்வேன்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "எலி இல்லம்மா, எலிக்குஞ்சோட மூளையிலேருந்து எடுக்கிற செல்லு" என்று சொல்லி, கீரைத் தண்டை வரிசையாக அடுக்கி எனக்குப் பாடம் நடத்தினாய்.

"வயித்துல இருக்கிற புள்ளயோட மூளையில புதுசா பொறக்கிற செல்லுக்குத் தான் யாருன்னே தெரியாதும்மா. பக்கத்துல இருக்கிற செல்லுங்க ஒரு சத்து மாதிரி கசிய விடும். வளர்ச்சிக் காரணின்னு தமிழ்ல சொல்லலாம். எந்தச் சத்து கிடைக்குது, எவ்வளவு, எந்த நேரத்துல கிடைக்குது, இத வச்சுத்தான் அது என்ன நரம்பாகும், எங்க நூல நீட்டும்னு முடிவாகும். கண்ணாடித் தட்டுல ஒரே மாதிரி செல்லுங்கள ரெண்டு பக்கமா வச்சு, இதுக்கு ஒண்ணு அதுக்கு ஒண்ணு ஊத்துனா, ரெண்டும் வேற வேற ஆளாயிடும். நானே பாத்திருக்கேன்."

"ஒண்ணுமே கிடைக்கலன்னா?"

"செத்துரும்."

எனக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. விடியற்காலையில் ஆபீஸ் திடலில் எல்லாரும் வரிசையாக நிற்போம். கிராணி பேரைக் கூப்பிட்டு யாருக்கு எங்கே வேலை என்று சொல்வார். பால் மரம் வெட்டுவதா, புல் பிடுங்குவதா, மருந்து அடிப்பதா என்று நிற்கிறவளுக்குத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் பதினேழு வயதுப் பெண்ணாக அந்த வரிசையில் நின்றேன். அவர் பேனா என் பேருக்கு நேராக மருந்து என்று எழுதியது. பதினாறு வருஷம் நான் மருந்தடிப்பவளாக இருந்தேன். இதை உன்னிடம் சொன்னேன். நீ யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட அப்படித்தாம்மா, ஆனா அங்க கிராணின்னு ஒருத்தர் கிடையாது, பக்கத்துல நிக்கிறவங்களே ஒருத்தர ஒருத்தர் ஆக்கிக்கிறாங்க" என்றாய். கொடுத்து வைத்த செல்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் நான் கேட்டேன், "இதெல்லாம் எப்ப முடிவாவுது?" என்று. நீ கீரைத் தண்டை ஒடித்து விளையாடிக்கொண்டே, "ரொம்ப சீக்கிரம்மா. பொறக்கிற வரைக்கும் நடக்கும், பொறந்த பெறகும் நடக்கும். ஆனா அடிப்படை வேலையெல்லாம் முதல் மூணு மாசத்துல தொடங்கிடும். அம்மா மாசமா இருக்கிறதே மத்தவங்களுக்குத் தெரியாத நேரம்" என்றாய். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். நீ குழம்பு தீய்ந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்தாய். குழம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அழுதேன். ஏன் என்று இனிமேல் வரும்.

திரும்பி வந்து, புல்லுக்கு அடிக்கும் மருந்து பட்டிருந்தால் அந்தச் சத்து கெட்டுப்போகுமா என்று உன்னைக் கேட்டேன். நீ செல்வியைப் பார்த்தாய். அவள் நீ ஒடித்துப் போட்ட தண்டுகளை எல்லாம் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அதாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அதால இல்லன்னும் சொல்ல முடியாது. பொறக்கும்போது மூச்சு முட்டியிருக்கலாம். காரணமே தெரியாமலும் இருக்கலாம்" என்றாய். அவ்வளவு தூரம் கப்பலேறிப் போய்ப் படித்த பிள்ளை, தெரியாது என்று சொல்லவா படித்தான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான் உன்னிடம் எதிர்பார்த்தது என்ன தெரியுமா? ஒரு தாள். இன்னார் செய்ததால் இப்படி ஆயிற்று என்று எழுதி, கீழே உன் பேரும் பட்டமும் போட்ட ஒரு தாள். அதை அவர் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வர வேண்டும் என்பது என்னுடைய பல வருஷத்து ஆசை. உன் படிப்புக்கு நான் இத்தனை நேர்த்திக்கடன் வைத்ததில் பாதி அதற்காகத்தான்.

இப்போது நடந்ததைக் கேள். செல்வி வயிற்றில் ஐந்து மாதம். மருந்துப் பம்பைத் தோளில் மாட்டினால் அதன் வார் வயிற்றை இழுத்துப் பிடிக்கும். மூடி சரியாக இறுகாத பழைய பம்பு. நடக்க நடக்க மருந்து முதுகில் ஒழுகி பாவாடை வரைக்கும் ஊறிவிடும். ஒரு நாள் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் சன்னலுக்குப் போய் நின்றேன். "ஐயா, மாசமா இருக்கேங்கய்யா. ஆயாக் கொட்டகையில புள்ளைங்களப் பாத்துக்கிற வேல, நாத்து மேட்டுல வேல, எதாச்சும் மாத்திக் குடுங்கய்யா" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "புள்ளத்தாச்சி எல்லாம் நெழல்ல ஒக்காந்துட்டா லாலாங் புல்லுக்கு யாரு மருந்து அடிக்கிறது? முடிஞ்சா வா. முடியலன்னா பேர வெட்டிடறேன்" என்றார். உன் அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார், தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு. பேரை வெட்டினால் லயத்து வீடும் போய்விடும் என்று அவருக்குப் பயம். அவர் என் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார். எட்டாம் மாதம்வரை நான் பம்பு தூக்கினேன். நாற்று மேட்டில் அப்போது வேலை இருந்தது. அந்த வாரமே எங்களை மேய்க்கிற மண்டோரின் மச்சினிச்சியை அங்கே போட்டார்கள். அவளுக்கு வயிறும் இல்லை, ஒன்றும் இல்லை.

செல்வி மூன்று வயதில்தான் நடந்தாள். நாலு வயதில் "ண்ணா" என்று உன்னைக் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிட இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷத்தில்தான் உனக்குத் தோட்டத்துப் பள்ளி முடிந்தது. மேலே படிக்க வேண்டும் என்றால் டவுனுக்குப் போக வேண்டும். பஸ் வரும் ரோட்டுக்கு மரத்துக்குள்ளேயே ஆறு மைல். சரியாக அந்த நேரத்தில் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஓர் ஆள், மருந்தடிக்கும் பெண்களின் குறைகளைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். செல்வியைத் தூக்கிக்கொண்டு போய், நடந்ததை எல்லாம் சொல்லப் போகிறேன் என்று குழாயடியில் சத்தமாகவே சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் கிராணி நம் லயத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. உள்ளே வரவில்லை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பையன் நல்லா படிக்கிறானாமே. எம் புள்ளயோட நம்ம காருலயே ஸ்கூலுக்கு வரட்டும். பின்னால எடம் இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆள் வந்து கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் வீட்டில் துணி துவைத்தேன்.

அந்தப் பின்சீட்டில்தான் நீ அவர் மகளுக்கு, இப்போது கட்டிக்கொள்ளப் போகிற மாலதிக்குப் பக்கத்தில் ஆறு வருஷம் உட்கார்ந்து போனாய். "கிராணி ஐயாதான் என்னைப் படிக்க வச்சார்" என்று நீ ஒரு தடவை யாரிடமோ பெருமையாகச் சொன்னாய். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் படிக்க வைக்கவில்லை. உன் தங்கைக்காக நான் பேச இருந்த பேச்சை அவர் வாங்கிக்கொண்டார், பதிலுக்கு உனக்கு ஓர் இடம் கொடுத்தார். நான் விற்றேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு என்ன தெரியும்? ஆனால் அவளை மேடையில் ஏற்றலாமா வேண்டாமா என்று கேட்டால் போனிலேயே சரி என்று சொல்லும் உரிமை உனக்கு எவ்வளவு இருக்கிறது என்று இப்போதாவது தெரிந்துகொள்.

அந்த மனிதரை நான் சும்மா விட்டேன் என்று நினைக்காதே. கையாலாகாதவள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தேன். மாரியம்மன் முன்னால் அவர் பேரைச் சொல்லி நான் கேட்டதை எல்லாம் எழுதினால் மாலதி கல்யாணத்தையே நிறுத்திவிடுவாள். அவர் வேலையை விட்டு டவுனுக்குக் குடிவந்த வருஷம் முட்டிவலி வந்து கம்பு ஊன்றி நடந்தார். நான் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். பசாரில் என்னிடம்தான் கீரை வாங்குவார். அவருக்கென்று பூச்சி அரித்த கட்டு ஒன்றைச் சாக்குக்கு அடியில் எடுத்து வைத்திருப்பேன். "என்ன, கீரை மஞ்சளா இருக்கு" என்பார். "இன்னிக்கு வந்ததே அப்படித்தான் ஐயா" என்பேன். எட்டு வருஷமாக அந்த வீட்டில் நல்ல கீரை சமைத்ததில்லை. இதைப் படிக்கும்போது அவருக்கு அது புரிந்தால் எனக்குச் சந்தோஷம்.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டமானது. நீ கொல்லைப்பக்கம் என்னை அழவைத்த காரணம்.

உனக்கும் செல்விக்கும் நடுவில் ஒன்று உண்டாகிக் கலைந்தது. அதை நான் இரண்டாம் மாதமே குழாயடியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கலைந்ததும், மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கலாமா, கண் பட்டுவிட்டது என்று லயமே என்னைத் திட்டியது. நம் ஆட்களில் யார் வீட்டிலும் அப்படித்தான், உனக்குத் தெரியும். அதனால் செல்வி உண்டானபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று மாதம் பம்பைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தேன். தினமும் வாந்தி வரும். மருந்தடிக்கிற பெண்கள் எல்லாருமே அந்த நாற்றத்துக்கு வாந்தி எடுப்பார்கள், அதனால் என் வாந்தியை யாரும் சந்தேகப்படவில்லை. நான் என்னவோ பெரிய கெட்டிக்காரத்தனம் செய்வதாக நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து உன் அப்பாவிடம் சொன்னேன். ஆபீஸில் போய்ப் பேச அவருக்குத் தைரியம் வர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் நான் சன்னலுக்குப் போய் நின்றது.

நீ சொன்ன அந்த முதல் மூன்று மாதத்தில் கிராணிக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் மறைத்தேன். ஐந்தாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம்வரை அவர் பங்கு. அதற்கு முன்னால் உள்ளது என் பங்கு. இதை இப்போது அவர் கையிலேயே எழுதிக் கொடுக்கிறேன். "பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா" என்று அவர் லண்டன் போய்ச் சேர்வதற்குள் நிம்மதியாகிவிடலாம். ஆகட்டும். அவர் பங்கை அவர் தூக்க வேண்டும் என்று கேட்கிறவள் தன் பங்கைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு கேட்கக்கூடாது. முதல் மாதமே போய்ச் சொல்லியிருந்தால் மாத்திக் கொடுத்திருப்பாரா? மாட்டார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். மருந்தால்தான் ஆயிற்றா என்று உனக்கே தெரியவில்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமலேயே நான் ஒருத்தியைத் தண்டிக்கிறேன், அது நான்.

அதனால் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன். மாலதி மாசமானால் அந்த வாரமே உன்னிடம் சொல்லட்டும், அவள் ஆஸ்பத்திரியில் சொல்லட்டும், யாரிடம் சொன்னால் அவளைப் பத்திரமாக வைப்பார்களோ அவர்களிடம் எல்லாம் சொல்லட்டும். அவளே நர்ஸ், அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் அம்மா ஊரிலிருந்து போன் செய்து, மூன்று மாதம் வாயைத் திறக்காதே என்பாள். அவள் நல்லவள்தான், வழக்கத்தைச் சொல்லுவாள். நீ குறுக்கே நில். வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்துகொண்டு ஒருவர் மட்டும் பயத்தை வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது. உன் அப்பா நல்ல மனிதர், ஆனால் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றவர். நீ அவரைப் போல நிற்காதே.

மாலதி மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. செல்வி பிறந்தநாளுக்கு வருஷம் தவறாமல் படம் போட்ட அட்டை அனுப்புகிறவள் அவள் ஒருத்திதான். நீகூட இரண்டு வருஷம் மறந்துவிட்டாய். அவளும் இதைப் படிக்கட்டும். அவள் அப்பாவை வெறுக்கச் சொல்லவில்லை. வெறுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். என் சார்பாக நீ மன்னிக்காமல் இருந்தால் போதும். "விட்டுடும்மா, பழைய கதை" என்று எழுதிவிடாதே. செல்வி தினமும் காலையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறாள், எனக்கு அது பழைய கதை இல்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவள் இப்படி இருப்பதற்காக நான் பழிவாங்கவில்லை. அவள் வேறு யாராக ஆகியிருப்பாள் என்று யோசித்து யோசித்து எனக்குச் சலித்துவிட்டது. அவள் செல்விதான், எனக்கு வேறு யாரும் வேண்டாம். பசாரில் எனக்குக் கீரைக் கட்டை எல்லாம் அவள்தான் கட்டுகிறாள். ஒரு கட்டுக்கு ரொம்ப நேரம் எடுப்பாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, விரல் நடுங்க நடுங்க, இரண்டு முடிச்சுப் போடுவாள். போட்டால் போட்டதுதான். செகிஞ்சானிலிருந்து வருகிற சீன அக்கா, "உன் மக முடிச்ச அவுக்க எனக்குக் கத்தரிக்கோல் வேணும்லா" என்று திட்டிக்கொண்டே வாங்கிப் போவாள். நான் பழிவாங்க நினைப்பது, வயிற்றைத் தூக்கிக்கொண்டு சன்னலில் வந்து நின்ற ஒரு பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு மனிதர் பதில் சொன்னாரே, அதற்காக. இப்போது என் மகளையும் பார்க்காமலேயே தள்ளிவிடலாம் என்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாரே, அதற்காக.

முதலில், கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஜனங்கள் ஒரு நாள் பேசுவார்கள், அடுத்த நாள் பந்தியில் வடை பத்தவில்லை என்று பேசுவார்கள். அது எனக்குப் போதாது. செல்வி மணவறையில் நிற்பாள். பட்டுப்பாவாடை எடுத்தாகிவிட்டது, மாம்பழ மஞ்சள், அவளே கை வைத்துக் காட்டியது. திங்கள்கிழமை ராத்திரியே மஞ்சள் கயிறு வாங்கி வந்து நாற்காலி முதுகில் சுற்றி அவளுக்குப் பழக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். நேற்று நான் அடுப்பில் காப்பித் தண்ணீர் வைத்து, கொதித்ததும் இறக்குகிற நேரம் ஆயிற்று ஒரு முடிச்சுக்கு. இரண்டு முடிச்சுக்கு இரண்டு காப்பி நேரம். பெண்ணைப் பெற்றவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், நகர முடியாது. நல்ல நேரம் போகிறதே என்று ஐயர் முணுமுணுப்பார். ஜனங்கள் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். தன் மகள் கழுத்துக்குப் பின்னால் என் மகளின் விரல் நடுங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அவர் அவசரப்படுத்தினால் நான் விடமாட்டேன். கொழுந்தன் மகள் கையை நீட்டினால் தட்டிவிடுவேன். செல்வி அங்கே இல்லை என்றால் நானும் அங்கே இல்லை, உனக்குத் தாலி எடுத்துக் கொடுக்க வேறு அம்மாவைத் தேடிக்கொள்.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். நேராக அவரிடமே சொல், செல்விதான் முடிச்சுப் போடுவாள் என்று. அன்றைக்கு உன் முடிச்சைப் போட்டதும் கையை எடுத்துவிடு. அவளுக்குப் பாவம் பார்த்து உதவி செய்யாதே, நுனியைக்கூடப் பிடித்துக் கொடுக்காதே. மேளக்காரர்களிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். "எவ்வளவு நேரம்மா கெட்டிமேளம் அடிக்கணும்?" என்று கேட்டார்கள். "எம் மக கைய எடுக்கிற வரைக்கும்" என்றேன்.

அம்மா